வேண்டாத சினையைத் தடுப்போம்

(வேலந்தாவளம் தொடர்கல்வி மையத்தில், மாடு வளர்ப்போர் கூட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஓர் அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, கறிக்குக் குடுக்கலாம்னு வளர்த்த கிடாரி சினையாயிருச்சாட்டம் இருக்குது. என்ன பண்றது?" என்று காதோடு காதாகக் கேட்டார்.

"இதை ஏனுங்க்கா இவ்வளவு மெதுவாகக் கேட்கறீங்க?" என்றேன்.

"நாலு பேரு முன்னால கேக்கற பேச்சா இது?" என்றார்.

ஆமாம், இது நாலு பேர் முன்னால் கேட்க வேண்டிய பேச்சுதான். மாடு வளர்ப்பது நம் பிழைப்பு. பிழைப்பைப் பற்றிப் பேச வெட்கம் எதற்கு? அதனால் இன்றைக்கு இதைப் பற்றியே பேசுகிறேன். நம்மில் கறி சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிடாதவர்களும் உண்டு. இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. நம் கட்டுத்தரையில் நிற்கிற மாட்டுக்கு, நாம் நினைக்காத நேரத்தில் சினை பிடிக்கிறது. அதை எப்படித் தடுப்பது என்பதுதான் பேச்சு.

செவலையின் கதை

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு செவலைக் கிடாரி இருந்தது. அதோடு ஒரு காளைக்கன்றும் வாங்கினோம். இரண்டையும் தீனி போட்டு வளர்த்து, விலை வரும்போது விற்கலாம் என்பது அப்பாவின் எண்ணம். இரண்டும் ஒரே கட்டுத்தரையில் நின்றன. பகலில் இரண்டும் ஒரே தென்னந்தோப்பில் மேய்ந்தன.

அப்போது காளைக்கன்றுக்குப் பத்து மாதம் இருக்கும். கிடாரிக்குப் பதினோரு மாதம். ஒருநாள் காளைக்கன்று கிடாரி மேல் ஏறியது. நான் பாட்டியிடம் சொன்னேன். "அது சின்னப் பையன் சாமி. விளையாடுது" என்றார் பாட்டி.

நாள் போனது. கிடாரியின் வயிறு பெருத்தது. தீனி நன்றாகச் சேருகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். மடி இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஐப்பசி மாதம், நல்ல மழை. ராத்திரி செவலைக்கு வலி வந்தது. பனிக்குடம் உடைந்தது. கன்றின் இரண்டு கால்கள் தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. "முதல் ஈத்து, அப்படித்தான் இருக்கும்" என்று விடியும் வரை காத்திருந்தோம். விடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கன்று செத்து வந்தது. செவலையால் எழுந்து நிற்க முடியவில்லை. பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தார். "இடுப்பு எலும்பு இன்னும் விரியாத குட்டிக்கு எப்படிப் பிரசவம் ஆகும்? ராத்திரியே சொல்லியிருக்க வேண்டாமா?" என்றார். ஆறாம் நாள் செவலை செத்தது.

பணம் போனது உண்மை. ஆனால் எங்கள் அம்மா பணத்துக்காக அழவில்லை. "வாயில்லாச் சீவனுக்கு நாமதானே காவல்" என்று சொல்லி அழுதார். அந்தச் சொல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இது ஏன் நடக்கிறது?

முன்காலத்தில் நம் ஊரில் காளைக்கன்று எதற்கு வேண்டும்? ஏர் உழ வேண்டும். வண்டி இழுக்க வேண்டும். கவலை இறைக்க வேண்டும். அதனால் காலாகாலத்தில் காயடித்து விடுவார்கள். ஊருக்கு ஒரு பொலிகாளை இருக்கும். அவ்வளவுதான்.

பிறகு சினை ஊசி வந்தது. இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டி இருக்கிறது. அங்கே 1963-ஆம் ஆண்டு இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்து நாட்டின் பிரவுன் சுவிஸ் காளைகளை நம் நாட்டுப் பசுக்களோடு சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். அப்படி வந்ததுதான் சுநந்தினி. இன்று கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் மாட்டுப்பட்டியிலும், பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோணியிலும் பொலிகாளைகளை வளர்க்கிறது. அவற்றின் விந்தை உறைய வைத்து ஊசியாக அனுப்புகிறது.

ஊசி வந்த பிறகு ஊருக்குப் பொலிகாளை வேண்டியதில்லை. டிராக்டர் வந்த பிறகு ஏர் மாடும் வேண்டியதில்லை. ஆனால் காளைக்கன்று பிறப்பது நிற்கவில்லை. அது கறிக்கு என்று ஆயிற்று. கறிக்குப் போகிற கன்றுதானே, காயடிப்பது எதற்கு என்று விட்டுவிட்டோம். காயடிக்காத அந்தக் கன்று கிடாரிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கலப்பினக் கன்றுகள் சீக்கிரம் பருவத்துக்கு வரும். நல்ல தீனி கிடைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். காளைக்கன்று எட்டு, பத்து மாதத்தில் சினை பிடிக்க வைத்துவிடும். கிடாரியும் சில சமயம் எட்டு மாதத்துக்கு மேல் பருவத்துக்கு வந்து கத்தும். பருவம் வந்துவிட்டது என்பதால் உடம்பு பிள்ளை பெறத் தயாராகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு உள்ள நியாயம்தான் கிடாரிக்கும்.

வேண்டாத சினையால் என்ன நஷ்டம்?

ஒன்று, உயிர் நஷ்டம். சின்னக் கிடாரிக்குக் கன்று ஈனுவது கஷ்டம். செவலைக்கு வந்தது எந்தக் கிடாரிக்கும் வரலாம்.

இரண்டு, விற்க முடியாது. சினை மாட்டை வெட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2001-ஆம் ஆண்டு மத்திய அரசு அறுவைக்கூட விதிகளைக் கொண்டு வந்தது. சினையாக உள்ள மாடு, மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்று வைத்திருக்கிற மாடு, மூன்று மாதம் ஆகாத கன்று, இவற்றை வெட்டக் கூடாது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தர வேண்டும். நாம் கிறிஸ்துமஸுக்கு விற்கலாம் என்று வளர்த்திருப்போம். மாடு ஐந்து மாதச் சினை என்றால் கணக்கு எல்லாம் தப்பிவிடும்.

மூன்று, எடையில் ஏமாற்றம். சினை மாடு பார்க்கக் கொழுத்திருக்கும். ஆனால் அது கறி அல்ல. கன்றும், நீரும், நஞ்சுக்கொடியும் சேர்ந்து கடைசி மாதத்தில் 50 கிலோவுக்கு மேல் வரும். நாம் போட்ட தீனியில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது.

நான்கு, உறவுக்குள் சேர்க்கை. தாயோடு மகனும், அக்காளோடு தம்பியும் ஒரே கட்டுத்தரையில் நிற்கின்றன. அப்படிப் பிறக்கிற கன்று பலவீனமாக இருக்கலாம்.

ஐந்து, நோய். ஊர் சுற்றுகிற காளை மாட்டுக்கு மாடு நோயைக் கொண்டு போகும். புருசெல்லோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. அது வந்த மாட்டுக்குச் சினை கலைந்துவிடும். அந்தக் கழிவைக் கையால் தொட்டால், பச்சைப்பாலைக் குடித்தால், மனிதருக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். மூட்டு வலி வரும். சினை மாட்டை அறுக்கிற தொழிலாளிக்கும் இந்த ஆபத்து உண்டு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பெண் கன்றுக்கு நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு முறை போட்டால் போதும். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தில் இதைப் போடுகிறார்கள். உங்கள் மிருக ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

மூன்று வேலைகளைச் சொல்கிறேன். பிரித்துக் கட்டுவது, காயடிப்பது, பரிசோதிப்பது.

முதல் வேலை: பிரித்துக் கட்டுவது.

காளைக்கன்றுக்கு ஆறு மாதம் ஆனதும் கிடாரிகளிடமிருந்து பிரியுங்கள். ஒரே கட்டுத்தரையில் இரண்டு மூலையில் கட்டினால் போதாது. கிடாரி பருவத்துக்கு வந்த அன்று காளைக்கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வரும். நடுவில் பனைவாரையோ கல்லோ வைத்துத் தடுப்புப் போடுங்கள். மேய்ச்சலுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஓட்டுங்கள்.

கிடாரி 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அப்போது கத்தும். தீனி குறையும். அடிக்கடி மூத்திரம் பெய்யும். மற்ற மாட்டின் மேல் ஏறும். கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும். அந்த இரண்டு நாளும் அதை மேயவிட வேண்டாம். கட்டுத்தரையிலேயே தீனி போடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவு இல்லை.

எருமைக்கும் இதுதான் வழி. இப்போது நிறையப் பேர் எருமைக்கடாக் கன்று வாங்கி வளர்க்கிறீர்கள். வீட்டில் எருமைக் கிடாரி இருந்தால் கடாவைத் தனியே கட்டுங்கள். எருமைக்குப் பருவம் வந்தால் சத்தம் போடாது. அதனால் நமக்குத் தெரியாமலே சினை பிடித்துவிடும்.

இரண்டாவது வேலை: காயடிப்பது.

பிரித்துக் கட்ட இடம் இல்லை என்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி. அந்தக் காலத்தில் கல்லிலும் கட்டையிலும் வைத்து நசுக்கினார்கள். அது பெரிய கொடுமை. இப்போது பர்டிசோ என்ற இடுக்கி இருக்கிறது. தோலைக் கிழிக்காது. ரத்தம் வராது. உள்ளே இருக்கிற நரம்பை மட்டும் நசுக்கும். விதை மெதுவாகச் சுருங்கிவிடும். டாக்டர் மரத்துப்போகிற ஊசி போட்டுச் செய்வார். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் காயடிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. கன்று சின்னதாக இருக்கும்போதே செய்தால் அதற்கு வேதனை குறைவு.

ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். வளர்ந்த கன்றைக் காயடித்த அன்றே கிடாரியோடு விடக் கூடாது. உள்ளே மீதி இருக்கிற விந்தால் சினை பிடிக்கலாம். இரண்டு மாதம் பிரித்தே வையுங்கள்.

"காயடிச்சா எடை ஏறாதே?" என்று கேட்பீர்கள். காயடிக்காத காளை கொஞ்சம் வேகமாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் காயடித்த மாடு சாந்தமாக இருக்கும். முட்டாது. வேலி தாண்டாது. வீட்டுப் பெண்கள் பயமில்லாமல் பிடித்துக் கட்டலாம். உங்கள் வீட்டில் கிடாரி இல்லை, எல்லாமே காளைக்கன்று என்றால் காயடிக்காமலும் வளர்க்கலாம். கிடாரி இருந்தால் யோசியுங்கள்.

மூன்றாவது வேலை: பரிசோதிப்பது.

விற்பதற்கு முன்னால் டாக்டரைக் கூப்பிட்டுச் சினை பாருங்கள். வாங்கின உடனேயும் பாருங்கள். இரண்டு, மூன்று மாதச் சினையை டாக்டர் கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். வாங்கும்போது இல்லை என்று சொன்னாலும், இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். வாங்குவதற்கு நாலு நாள் முன்னால் காளை சேர்ந்திருந்தால் அன்றைக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு மாடு இருந்தது. மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மலடு என்று முடிவு செய்தார்கள். ஒரு தரகர் வந்தார். துண்டுக்குள் கை போட்டு விலை பேசினார். மாடு அடிமாட்டு விலைக்குப் போனது. பத்து நாள் கழித்து விஷயம் தெரிந்தது. அறுவைக்கூடத்தில் டாக்டர் பார்த்து, மாடு ஆறு மாதச் சினை என்று சொல்லிவிட்டார். தோப்பில் எப்போதோ ஒரு காளை சேர்ந்திருக்கிறது. தரகர் அதைத் திரும்பப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டினார். சினைமாடு என்று சொல்லி நல்ல விலைக்கு விற்றார். வருடம் முழுவதும் தீனி போட்டவர் ஒருவர். லாபம் பார்த்தவர் இன்னொருவர். விற்பதற்கு முன்னால் ஒரு முறை டாக்டரைக் கூப்பிட்டிருந்தால், அந்த மாடு இன்று அந்த வீட்டிலேயே பால் கறந்துகொண்டிருக்கும்.

சேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் தவறிவிடும். அப்போது பயப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். அன்றைக்கே தேதியை எழுதி வையுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிடாரி ரொம்பச் சின்னது என்றால் டாக்டர் ஊசி போட்டுச் சினையைக் கலைப்பார். சேர்ந்த அன்றே அந்த ஊசி வேலை செய்யாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் மாட்டுக்குக் கஷ்டம் குறைவு. ஐந்து மாதம் தாண்டினால் அந்த ஊசி மட்டும் போதாது. நஞ்சுக்கொடி தங்கும். ஆபத்து கூடும். அதனால் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

அந்த ஊசி மருந்தை நீங்களே கடையில் வாங்கிப் போடாதீர்கள். அது தோலில் பட்டாலே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிப் பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அதைத் தொடவே கூடாது. பப்பாளிக்காய், எருக்கம்பால், வேறு எதையாவது அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். சினை கலையாமல் மாடு செத்த கதைகள் உண்டு.

சினை கலைந்து விழுந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையில் உறை போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய்க்குப் போடாதீர்கள்.

மாதம் கடந்துவிட்டது, கலைக்க முடியாது என்றால், கன்று ஈனும் தேதியைக் கணக்குப் போட்டு வையுங்கள். பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். ராத்திரி என்று பார்க்க வேண்டாம். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். அது கால்நடை அவசர உதவி எண். காசு இல்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். உள்ளூர் டாக்டரின் எண்ணையும் கட்டுத்தரைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால்தான் செவலை போனது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஒரு பண்ணையில் ஆயிரக்கணக்கான மாடுகள் இருக்கும். அங்கே பிரித்துக் கட்ட முடியாது. அதனால் கறிக்குப் போகிற பெண் மாடுகளுக்குக் கருவி வைத்துச் சினைப்பையை நீக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கிடாரிகள் பருவத்துக்கு வராமல் இருக்கத் தீனியில் மருந்து கலக்கிறார்கள். பெரிய பண்ணைக்குப் பெரிய செலவு. நம்மிடம் இருப்பது இரண்டு மாடு, மூன்று மாடு. நமக்கு ஒரு தடுப்பும் ஒரு நோட்டும் போதும்.

நோட்டு என்ன செய்யும்?

நாம் எழுதப் படிக்கக் கற்றது கையெழுத்துப் போட மட்டும் அல்ல. ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள். கன்று பிறந்த தேதி. பருவத்துக்கு வந்த தேதி. ஊசி போட்ட தேதி, அல்லது காளை சேர்ந்த தேதி. டாக்டர் பார்த்த தேதி.

பருவத்துக்கு வந்த தேதியோடு 21 நாள் கூட்டுங்கள். அடுத்த பருவம் எப்போது என்று தெரிந்துவிடும். அன்றைக்குக் கிடாரியை உள்ளே கட்டலாம். காளை சேர்ந்த தேதியோடு ஒன்பது மாதம், ஒன்பது நாள் கூட்டுங்கள். பசு ஏறக்குறைய அப்போது ஈனும். எருமை என்றால் பத்து மாதம், பத்து நாள்.

கிடாரியின் எடையையும் கணக்குப் போடலாம். தையல் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். இது சுற்றளவு. தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை அளக்க வேண்டும். இது நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்குங்கள். அதை நீளத்தால் பெருக்குங்கள். 660-ஆல் வகுங்கள். வருவது கிலோ.

ஒரு கிடாரியின் சுற்றளவு 55 அங்குலம், நீளம் 48 அங்குலம் என்று வைப்போம்.

55 × 55 = 3025
3025 × 48 = 1,45,200
1,45,200 ÷ 660 = 220

எடை 220 கிலோ. கலப்பினக் கிடாரிக்கு 250 கிலோ ஆன பிறகுதான் சினை ஊசி போட வேண்டும். ஆகவே இன்னும் பொறுக்க வேண்டும். கன்றுக்கு வேண்டி வளர்க்கிற கிடாரிக்கும் இதுதான் கணக்கு.

அந்த அக்காவின் கிடாரி

முதலில் சொன்ன அக்காவின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாளே அவர் டாக்டரைக் கூட்டி வந்தார். கிடாரிக்கு வயது இரண்டுக்கு மேல். எடையும் இருக்கிறது. மூன்று மாதச் சினை. "கலைக்க வேண்டாம், நல்லபடியாக ஈனும், வளருங்கள்" என்றார் டாக்டர். அக்கா இப்போது அதை விற்கப் போவதில்லை. அதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று இதைப் பேசச் சொன்னதும் அவர்தான்.

கேட்டதால் அவருக்கு வழி கிடைத்தது. நாங்கள் கேட்காததால் செவலையை இழந்தோம். நீங்களும் கேளுங்கள். காதோடு காதாக வேண்டாம். நாலு பேர் முன்னால் கேளுங்கள். மற்ற மூன்று பேருக்கும் அது பயன்படும்.



நினைவில் வையுங்கள்

காளைக்கன்றை ஆறு மாதத்தில் பிரியுங்கள்.
பிரிக்க முடியாவிட்டால் டாக்டரிடம் காயடியுங்கள்.
விற்கும் முன்பும் வாங்கிய பின்பும் சினை பாருங்கள்.
தவறிச் சேர்ந்துவிட்டால் தேதியை எழுதி, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.
அவசர உதவிக்கு 1962.

பேசிப் பார்ப்போம்

1. செவலையைக் காப்பாற்ற எந்தெந்த நாளில் என்ன செய்திருக்கலாம்?
2. உங்கள் கட்டுத்தரையில் தடுப்பை எங்கே போடலாம்?
3. ஒரு கிடாரி தை 5-ஆம் தேதி பருவத்துக்கு வந்தது. அடுத்து எந்தத் தேதியில் அதை உள்ளே கட்ட வேண்டும்?
4. உங்கள் வீட்டுக் கிடாரியின் எடையைக் கணக்கிட்டு அடுத்த வகுப்புக்கு எழுதி வாருங்கள்.